டெக் பலகை: நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுத் தோட்டத்திலோ மாடியிலோ காம்போசிட் டெக், அதாவது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகைத் தளம், போடுவதைப் பற்றி வரும் குறிப்புகளில் இரண்டு வாசகங்கள் தவறாமல் இருக்கும். ஒன்று, "பார்ப்பதற்கு மரம் போலவே இருக்கும்". மற்றொன்று, "பராமரிப்பே தேவையில்லை". இவற்றை நம்பி நிற அட்டையைப் புரட்டி ஒரு பழுப்பையோ சாம்பலையோ தேர்ந்தெடுத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து வளைந்த பலகையையும் கரும்புள்ளியையும் பார்த்து வருந்துபவர்கள் பலர். இந்தப் பலகை மரம் போல இருந்தாலும் மரம் போல நடந்துகொள்ளாது. இது மரத்தூள் கலந்த பிளாஸ்டிக். வெயிலில் நீளும், சூட்டில் இளகும், தொடர்ந்து பாரம் ஏறினால் மெல்லத் தொய்யும். இதை மனத்தில் வைத்துத்தான் வாங்க வேண்டும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் பலகைக்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலான காம்போசிட் பலகைகளில் பாதி அல்லது அதற்குச் சற்று மேல் மரத்தூள். சில இடங்களில் அதற்குப் பதிலாக நெல் உமியோ மூங்கில் தூளோ இருக்கும். மீதி பாலிஎத்திலீன், பெரும்பாலும் மறுசுழற்சி செய்தது. பாலிப்ரொப்பிலீன், பிவிசி கலந்தவையும் உண்டு. மரத்தூள் தண்ணீரை விரும்பும் பொருள், பாலிஎத்திலீன் தண்ணீரை விலக்கும் பொருள். இரண்டும் தாமாக ஒட்டாது. ஒட்டவைக்க மாலியிக் அன்ஹைட்ரைடு சேர்த்த ஓர் இணைப்புப் பொருள் வேண்டும். பூஞ்சைக்கு ஜிங்க் போரேட், வெயிலுக்குப் புற ஊதாத் தடுப்பு. மட்டமான பலகையில் முதலில் குறைக்கப்படுவது இந்த மூன்றும்தான். கடையில் புதிதாக இருக்கும்போது எந்தக் கண்ணுக்கும் இது தெரியாது. அதனால் நிறம், வடிவம் பற்றிப் பேசுவதற்கு முன் தொழில்நுட்பத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் டி7032 அல்லது ஐரோப்பாவின் இஎன் 15534 தரத்தின்படி சோதித்ததா, எந்தத் தாங்கு இடைவெளிக்கு (அடிச் சட்டங்களுக்கு இடையிலான தூரத்துக்கு) சோதித்தது என்று அதில் இருக்க வேண்டும். தாள் இல்லை என்றால் அந்தப் பலகையை விட்டுவிடுவதே நல்லது.

அடுத்தது மேலுறை. முதல் தலைமுறைப் பலகைகளுக்கு உறை கிடையாது. மரத்தூள் கலவையே வெளியே தெரியும். இன்றும் இவை விற்பனைக்கு இருக்கின்றன, விலையும் குறைவு. முதல் சில மழையில் இவற்றிலிருந்து தேநீர் நிறத்தில் ஒரு சாறு வடியும். மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள்தான் அது. கீழே வெள்ளைச் சுவரோ வெளிர்நிறக் கல்லோ இருந்தால் கறை பிடித்துவிடும். முதல் சில மாதங்களில் நிறம் நன்றாக வெளிறி, பிறகு ஒரு நிலையில் நிற்கும். ஆகவே உறையில்லாத பலகையைக் கடையில் பார்க்கும் நிறத்துக்காக வாங்கவே கூடாது. வெயிலில் சில மாதம் கிடந்த துண்டு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அதுதான் உங்கள் வீட்டில் இருக்கப்போகும் நிறம்.

உறையிட்ட பலகையில், உள்கலவையோடு சேர்த்தே வார்த்த மெல்லிய பாலிமர் போர்வை ஒன்று இருக்கும். எண்ணெய்க் கறையும் நிறம் வெளிறுவதும் இதில் பெரிதும் குறைகின்றன. ஆனால் உறை எத்தனை பக்கம் என்று கேட்க வேண்டும். மூன்று பக்கம் மட்டும் உறையிட்டு அடிப்பக்கத்தைத் திறந்து விட்டவை உண்டு, நான்கு பக்கமும் மூடியவையும் உண்டு. நல்ல காற்றோட்டமுள்ள உயரமான டெக்குக்கு மூன்று பக்க உறை போதும். தரையை ஒட்டிப் போடும் டெக்கில் மண்ணின் ஈரம் எப்போதும் அடியிலிருந்தே ஏறும். மேல்பக்கம் உலர்ந்தும் அடிப்பக்கம் ஈரமாகவும் இருந்தால் பலகை தோணி போல விளிம்பில் மேலே வளையும். அங்கே நான்கு பக்க உறை இல்லாமல் சரிப்படாது. மரத்தூளே இல்லாத பிவிசி பலகை ஈரத்துக்கு இன்னும் நல்லது, எடையும் குறைவு. ஆனால் சூட்டில் நீளுவது இதில் அதிகம்.

உள்ளே அறை அறையாகக் கூடு விட்ட பலகையா, கெட்டியான பலகையா என்பது அடுத்த கேள்வி. கூடு விட்டது மலிவு, தூக்கவும் எளிது. பெரிய தொட்டியின் கால் ஒன்று அறைக்கு நேர் மேலே நின்றால் மேல்தோல் உடையும். மழைநீர் முனை வழியே உள்ளே போய் நின்றால் வெளியே வர வழியிருக்காது. கூடு விட்ட பலகையைத்தான் போடுவது என்றால் முனை மூடிகளைக் கட்டாயம் போடுங்கள். நாற்காலி, தொட்டி, ஆள் நடமாட்டம் எல்லாம் உள்ள தளத்துக்குக் கெட்டிப் பலகையே எங்கள் தேர்வு. கெட்டிப் பலகையிலும் அடிப்பக்கம் பள்ளம் பள்ளமாகச் சுரண்டி எடை குறைத்தவை இருக்கின்றன. அதில் தவறில்லை, ஆனால் தாங்கு இடைவெளியை ஒருமுறை தாளில் சரிபாருங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒவ்வொரு வகையிலும் முக்கால் மீட்டர் மாதிரித் துண்டு வாங்கிச் சோதித்துவிடலாம். அதற்கு ஒரு சமையலறைத் தராசும் கனம் அளக்கும் வெர்னியரும் போதும். முதலில் வெட்டுமுகத்தைப் பாருங்கள். உறை சுற்றிலும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும். உள்கலவையில் ஊசித்துளைகளோ தூள் கட்டிகளோ தெரியக் கூடாது. நகத்தால் கீறினால் தூள் உதிர்ந்தால் அந்தத் துண்டை அங்கேயே ஒதுக்கிவிடுங்கள். பிறகு பத்து சென்டிமீட்டர் துண்டு ஒன்றை வெட்டி எடை போட்டு, முனையின் கனத்தை அளந்து, ஒரு வாரம் தண்ணீரில் மூழ்க வைத்து மறுபடி எடை போட்டு அளக்கவும். மூன்று நான்கு வகைகளை ஒரே வாளியில் போட்டால் வித்தியாசம் தானே தெரிந்துவிடும். எது எடை ஏறி முனையில் உப்பியிருக்கிறதோ அதுதான் உங்கள் தளத்திலும் உப்பப் போகிறது. மேற்பரப்பில் ஒரு சொட்டு எண்ணெயை ஓர் இரவு விட்டுவிட்டுச் சோப்பு நீரில் கழுவிப் பாருங்கள். சாவியால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கடைசியாக, நண்பகல் வெயிலில் இரண்டு மணி நேரம் போட்ட துண்டை 400 மி.மீ. இடைவெளியில் இரண்டு செங்கல் மேல் வைத்து ஏறி நில்லுங்கள். பாலிஎத்திலீன் சூடானால் விறைப்பு குறையும். கடையின் நிழலில் கல் போல நிற்கும் பலகை, வெயிலில் எவ்வளவு குழிகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

அந்தத் துண்டின் மேல் வெறுங்காலையும் வைத்துப் பாருங்கள். கடும் வெயிலில் அடர்நிறப் பலகை 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். குழந்தையின் பாதம் அதைத் தாங்காது. நாள் முழுக்க வெயில் விழும் இடத்தில் கருஞ்சாம்பலும் கரும்பழுப்பும் வேண்டவே வேண்டாம். வெளிர்மணல், வெளிர்சாம்பல் நிறங்கள் அந்த அளவு சுடாது. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் பூச்சுள்ள ஜன்னல் கண்ணாடி எதிரே இருந்தால், அது ஒரு குழியாடி போல வெயிலைக் குவித்துப் பலகையில் ஒரே கோட்டில் விழச் செய்யும். அந்தக் கோட்டில் மட்டும் பலகை இளகி நெளியும். பலகையின் மேல் குறை சொல்லி மாற்றினாலும் புதிய பலகையும் அங்கேயே நெளியும். அப்படிப்பட்ட ஜன்னலுக்கு வெளியே கொசுவலைத் திரையோ நிழல்துணியோ போடுவதே வழி.

இனி அடியில் வரும் சட்டங்கள். வாங்குபவர் பலகையைத் தேர்வு செய்ய ஒரு மாதம் எடுத்துக்கொள்கிறார், சட்டத்தை ஒரே நிமிடத்தில் வேலையாளிடம் விட்டுவிடுகிறார். எங்கள் அனுபவத்தில் டெக் கெடுவது பெரும்பாலும் அடியிலிருந்துதான். காம்போசிட் பலகையோடு சேர்த்து அதே பொருளில் செய்த குறுக்குச் சட்டங்களையும் விற்கிறார்கள். அவை பாரம் தாங்குவதற்கானவை அல்ல. சமமான கான்கிரீட் தளத்தில் நீளம் முழுக்கப் படிந்து இருந்தால் மட்டுமே பயன்படும். அவற்றை முட்டுக்கட்டைகள் மேல் வைத்து இடையில் அந்தரத்தில் விட்டால் ஒரு கோடைக்குள் தொய்ந்துவிடும், மேலே பலகை அலை அலையாகத் தெரியும். இடைவெளி தாண்ட வேண்டிய இடத்தில் அலுமினியச் சட்டமோ, துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயோ, அழுத்த முறையில் மருந்தேற்றிய மரமோ வேண்டும். இரும்புக் குழாயை அறுத்த முனையிலும் துளையிட்ட இடத்திலும் துத்தநாகப் பூச்சைத் தடவி, திறந்த முனையை மூடிவிட வேண்டும். மரச் சட்டத்தின் மேல்முகத்தில் நீர் புகாத ஒட்டுப்பட்டையான பியூட்டைல் டேப் ஒட்டினால் ஸ்குரூ துளை வழியாக நீர் இறங்காது.

சட்டங்களின் இடைவெளி மையத்திலிருந்து மையம் 400 மி.மீ.க்கு மேல் வேண்டாம். பலகையை 45 டிகிரி கோணத்தில் சாய்த்துப் போட்டால் ஒவ்வொரு பலகையும் தாண்டும் தூரம் கூடுகிறது, அதனால் 300 மி.மீ. ஆக்க வேண்டும். படிக்கட்டிலும் 300 மி.மீ.தான். தாள் இன்னும் குறைவாகச் சொன்னால் தாள் சொல்வதே சரி. பலகையைச் சட்டத்தோடு பிடித்து வைக்கும் கிளிப்பும் ஸ்குரூவும் துருப்பிடிக்காத எஃகில் 304 தரம் போதும். கடல் காற்று படும் இடத்துக்கும் நீச்சல் குளத்தருகேயும் 316 தரம் வேண்டும். ஸ்குரூவைத் தலை தெரிய நேரடியாக அடிப்பதென்றால் காம்போசிட்டுக்கென உள்ளதையே வாங்குங்கள். சாதாரண மர ஸ்குரூவை இறக்கினால் பிதுங்கிய கலவை தலையைச் சுற்றிக் காளான் போல எழும்பி நிற்கும், அதை இழைத்து எடுக்கவும் முடியாது.

நீளும் கணக்கை எல்லோரும் போட்டுப் பார்க்க வேண்டும். பாலிஎத்திலீன் காம்போசிட் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 0.04 மி.மீ. நீளும். 3.6 மீட்டர் பலகையைக் காலையில் 20 டிகிரியில் பொருத்துகிறோம், மதியம் அது 60 டிகிரிக்குப் போகிறது என்று வையுங்கள். 3.6ஐயும் 40ஐயும் 0.04ஐயும் பெருக்கினால் கிட்டத்தட்ட 6 மி.மீ. அந்த இடம் கிடைக்காவிட்டால் இரண்டு பலகை முனைக்கு முனை முட்டிக்கொண்டு நடுவில் எழும்பும், கிளிப் பெயர்ந்து வரும். ஆகவே குளிர்ந்த வேளையில் பொருத்தினால் முனை இடைவெளி 6 மி.மீ., பலகை ஏற்கெனவே சூடாக இருக்கும்போது பொருத்தினால் 3 மி.மீ. சுவரோரம் 10 மி.மீ. பக்கவாட்டில் 5 மி.மீ. இதைக் கிளிப்பே பார்த்துக்கொள்ளும். மரத்தில் பழகிய தச்சர் பலகைகளை இறுக்கி அழகாகச் சேர்ப்பார். மரம் நீளவாட்டில் பெரிதாக நீளாது, அகலத்தில்தான் விரியும். அந்தப் பழக்கம் இங்கே உதவாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு பலகைக்கும் நீளத்தின் நடுவில் ஒரே ஒரு ஸ்குரூ போட்டு நிலைநிறுத்தினால், அது இரு பக்கமும் சமமாக நீளும். இல்லாவிட்டால் வருடக்கணக்கில் ஒரே பக்கம் நகர்ந்து, ஒரு முனையில் இடைவெளி அடைந்து மறுமுனையில் விரல் போகும் அளவு திறந்துவிடும்.

அளவு எடுப்பதற்கு ஓர் உதாரணம். 4 மீட்டருக்கு 3 மீட்டர் தளம், 140 மி.மீ. அகலமுள்ள 3.6 மீட்டர் பலகை. 4 மீட்டர் வாட்டில் போட்டால் ஒவ்வொரு வரிசையிலும் ஓர் இணைப்பு வரும். ஒவ்வொரு இணைப்பிலும் இரு முனைகளுக்கும் தனித்தனிச் சட்டம் வேண்டும், ஒரே சட்டத்தில் இரண்டு முனையையும் பகிர்ந்து வைக்கக் கூடாது. 3 மீட்டர் வாட்டில் போட்டால் இணைப்பே இல்லை, ஆனால் ஒவ்வொரு பலகையிலும் 60 சென்டிமீட்டர், அதாவது ஆறில் ஒரு பங்கு, வெட்டுத்துண்டாகப் போகும். நாங்கள் இரண்டாவதையே சொல்வோம். இணைப்பில்லாத தளத்தில் பழுது வரும் இடங்களும் குறைவு. பலகையும் இடைவெளியும் சேர்ந்து 145 மி.மீ. எனவே 4 மீட்டருக்கு 27 முழு வரிசையும் மேலே ஒரு துண்டும் வரும். அந்தத் துண்டுக்காகப் பலகையை நீளவாட்டில் கிழித்தால் உறை போய் உள்கலவை வெளியே வந்துவிடும். தளத்தின் அளவை 3.91 மீட்டராகக் குறைத்துக்கொள்ள முடிந்தால் 27 பலகைகளில் முழுதாக முடிகிறது. சட்டங்கள் 3 மீட்டரில் எட்டு இடைவெளி, ஒன்பது சட்டம், இடைவெளி 375 மி.மீ. ஆகும். 27 பலகைகளுக்கு நடுவே 26 இடுக்கு, ஆகவே சட்டத்துக்கு 26 என்று ஒன்பதுக்கும் சேர்த்து 234 கிளிப், முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் தனிக் கிளிப் ஒன்பது ஒன்பது. பலகை மட்டும் முப்பதாக வாங்குங்கள். ஏன் மூன்று கூடுதல் என்பதற்குப் பிறகு வருகிறோம்.

மாடியில் போடுவது என்றால் முதலில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சைப் பாருங்கள். அதைத் துளைத்துச் சட்டத்தை ஆணியடிப்பது போன்ற பெருந்தவறு வேறில்லை. டெக் போட்டபின் கசிவு எங்கே என்று தேட எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும். உயரம் திருகி மாற்றக்கூடிய பிளாஸ்டிக் தாங்கிகளின் மேல் சட்டத்தை வைத்தால் துளையிடவே வேண்டாம். டெக் போடுவதற்கு முன் தளத்தில் தண்ணீர் தேக்கி ஒரு நாள் விட்டுப் பார்த்துவிடுவது நல்லது. அடித்தளத்தில் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது வாட்டம் இருக்க வேண்டும். சட்டங்கள் வாட்டத்தின் போக்கிலேயே ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் ஒவ்வொன்றும் ஒரு சிறு அணை. வடிகால் வாய்க்கு மேலே உள்ள இரண்டு பலகைகளைக் கழற்றக்கூடியதாக விடுங்கள். கெட்டிப் பலகை சதுர மீட்டருக்கு 30 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும், சட்டம் தனி. சாதாரணத் தளம் இதைத் தாங்கும். மண் நிரப்பி நீர் ஊற்றிய தொட்டிகளைச் சேர்க்கும்போதுதான் கணக்கு மாறுகிறது, தாங்கலின்றி வெளியே நீண்ட பால்கனியில் பொறியாளரைக் கேட்காமல் வைக்காதீர்கள்.

வழுக்குவதைப் பற்றி ஒன்று. ஆழமான நீளக்கோடுகள் வெட்டிய பலகை வழுக்காது என்பார்கள். கோட்டின் போக்கிலேயே நடக்கும்போது அது பெரிய உதவி எதுவும் செய்யாது, பள்ளத்தில் அழுக்கும் பாசியும் சேர்வதுதான் மிச்சம். வழுக்குவதை அளக்கும் பெண்டுலம் சோதனையில் ஈர நிலை மதிப்பு 36 அல்லது அதற்கு மேல் என்று தாளில் இருந்தால் வழுக்கும் அபாயம் குறைவு என்று கொள்ளலாம். தீயைப் பொறுத்தவரை இது எரியும் பொருள், அதில் ஐயமே வேண்டாம். தணல் விழுந்தால் உருகிக் குழி விழும். அடுப்பு வைக்கும் இடத்துக்கு அடியில் கல்லோ கான்கிரீட் பலகையோ போடுங்கள். சுவரை ஒட்டிய, உயரமான கட்டடத்து டெக் என்றால் தீ எவ்வளவு பரவும் என்பதைக் குறிக்கும் தீப்பரவல் வகுப்பையும் கேட்டு வாங்க வேண்டும்.

பராமரிப்பு வேண்டாம் என்ற பேச்சுக்கு வருகிறோம். மெருகோ பெயிண்டோ வேண்டாம் என்பது மட்டுமே உண்மை. இலைச்சருகும் மகரந்தமும் பலகையின் மேல் ஈரத்தோடு கிடந்தால் அதைத் தின்றே பூஞ்சை வளரும், பலகை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி. இடுக்குகளை மாதம் ஒருமுறை மெல்லிய தகட்டால் சுரண்டி விடுங்கள், சோப்பு நீரும் மென்மையான பிரஷும் போதும். அழுத்த நீர் இயந்திரத்தை விசிறி முனையோடு, ஒரு முழங்கை தள்ளிப் பிடிக்க வேண்டும், நெருங்கினால் உறை கீறும். உப்புத்தாள் போடவே கூடாது. அடியில் ரப்பர் ஒட்டிய மிதியடியை விரித்தால், ரப்பரிலுள்ள ரசாயனம் உறையோடு வினைபுரிந்து அதே வடிவத்தில் கறையாகப் பதியும். அது எதற்கும் போகாது. தொட்டிகளுக்குக் கால் கொடுத்து உயர்த்தி வையுங்கள்.

உத்தரவாதச் சீட்டில் 25 வருடம் என்ற எண்ணை மட்டும் படிக்காமல், எதற்கு 25 என்று படியுங்கள். உளுத்துப்போவதற்கு ஒரு காலம், நிறம் வெளிறுவதற்கு வேறொரு காலம் இருக்கும். மேற்பரப்புப் பூஞ்சை, காற்றோட்டமின்மை, தாளில் சொன்னதற்கு மேற்பட்ட சட்ட இடைவெளி ஆகியவை பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். பலகை மாற்றிக் கொடுத்தாலும் கழற்றி மாட்டும் கூலி பல சீட்டுகளில் சேராது. ஆகவே வேலை நடக்கும்போதே, பலகை மூடுவதற்கு முன், சட்டத்தின் மேல் அளவுநாடாவை விரித்துப் படம் எடுத்து வையுங்கள்.

அந்த மூன்று கூடுதல் பலகைகள் இதற்குத்தான். நிறம் வார்ப்புக்கு வார்ப்பு சற்று மாறும். பொருத்தும்போதே எல்லாக் கட்டுகளையும் பிரித்துக் கலந்து போட வேண்டும், இல்லாவிட்டால் தளத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். ஐந்து வருடம் கழித்து ஒரு பலகை உடைந்தால் அதே நிறம் சந்தையில் இருக்காது, இருந்தாலும் வெயில் பட்ட பலகைகளுக்கு நடுவில் தனித்துத் தெரியும். மிச்சப் பலகைகளை உள்ளே அடுக்கி வைக்காமல், வெயில் படும் ஓர் ஓரத்தில், நெருக்கமான தாங்கல்களின் மேல் தட்டையாகக் கிடத்தி வையுங்கள். தளத்தோடு சேர்ந்து அவையும் வெளிறட்டும். கட்டின் மேல் ஒட்டியிருக்கும் வார்ப்பு எண் சீட்டைக் கிழித்து உத்தரவாதத் தாளோடு இணைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வெளிப்புற மரத்தள வேலை செய்யும் தச்சர்கள்